ஐன்ஸ்டீனும் திண்ணை வாதங்களும்

நண்பர் ஒருவர் இல்லத்து நிக்காஹ் வைபவத்திற்குச் சென்றிருந்தோம். விருந்து முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்த வேளையில், திண்ணையில் ஒரு வாதம் மூண்டது. பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர், மிகுந்த வேகத்தில் பயணம் செய்பவனுக்குக் காலம் மெதுவாகக் கழியும் என்று ஐன்ஸ்டீன் நிறுவியிருப்பதாகச் சொல்லத் தொடங்கினார். அவரை முடிக்க விடாமல், பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "தம்பி, கடிகாரம் மெதுவாக ஓடினால் கடிகாரம் பழுது பார்ப்பவனிடம் கொண்டு போ, காலத்தின் மீது ஏன் பழி போடுகிறாய்?" என்றார். திண்ணை முழுவதும் சிரித்தது. "இல்லை காக்கா, நான் சொல்ல வந்தது..." என்று இளைஞர் மீண்டும் தொடங்கும்போது மூன்றாமவர் ஒருவர் குறுக்கிட்டு, "இதெல்லாம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் வேதத்தில் சொல்லப்பட்டாயிற்று. இதில் வாதிக்க என்ன இருக்கிறது?" என்று முடித்து வைத்தார். இளைஞர் மௌனமானார். சிரிப்பு வென்றது, பக்தி வென்றது, பேசப்பட வேண்டிய பொருள் மட்டும் பேசப்படாமலே போயிற்று.

வீடு திரும்பிய பின்னரும் அந்த இளைஞரின் முகம் நம் நினைவை விட்டு அகலவில்லை. அவர் கூறவந்தது சரியா தவறா என்பது ஒரு புறமிருக்க, அவரை மறுத்தவரும் ஆதரித்தவரும் அவர் கூறவந்தது இன்னது என்று அறிய முயலவேயில்லை என்பதே நம்மை உறுத்தியது. இயற்பியலைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் சார்பியல் பற்றி வாதிடும் வழக்கம் நூறாண்டு கடந்த ஒன்று. அவ்வழக்கத்தின் இலக்கியமும் சிறிதன்று. நூல்கள், துண்டு வெளியீடுகள், இதழ்க் கடிதங்கள் என அது ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளது. அவ்வகையைத் திறனாய்வாளர் கண்கொண்டு பார்த்தவர் நம்மிடையே மிகக் குறைவு. ஈண்டு அதனைச் செய்ய முற்படுகிறோம்.

தொழில்முறை அறிஞரல்லாதார் இதில் தலையிடுவதே தவறு என்பாரும் உளர். அவர்கட்கு விடையாக ஒரு வரலாற்றை முதற்கண் கூறுவோம். 1919-ஆம் ஆண்டு மே 29 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது, சூரியனை ஒட்டி வரும் விண்மீன்களின் ஒளி வளைவதை ஆங்கில வானியலார் அளந்தனர். அவ்வாண்டு நவம்பரில் லண்டனில் முடிவு அறிவிக்கப்பட்டதும் ஐன்ஸ்டீன் பெயர் உலகெங்கும் பரவிற்று. எல்லாரும் பேசினர், புரிந்தவர் சிலரே. அமெரிக்காவின் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழ் 1920-இல் ஒரு போட்டியை அறிவித்தது. மூவாயிரம் சொற்களுக்கு மிகாமல், பொதுமக்கள் விளங்கிக்கொள்ளும் வண்ணம் சார்பியலை விளக்கி எழுதுபவருக்கு ஐயாயிரம் டாலர் பரிசு. யூஜின் ஹிக்கின்ஸ் என்னும் செல்வர் வழங்கிய தொகை அது. ஏறத்தாழ முந்நூறு கட்டுரைகள் வந்து குவிந்தன. ஹாலந்து நாட்டுப் பெரும் வானியலறிஞர் டி சிட்டர் போன்றோரும் எழுதினர். பரிசு பெற்றவரோ லிண்டன் போல்டன் என்பவர். பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர், பிரிட்டிஷ் காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகராகப் பணியாற்றியவர். சார்பியலைப் படைத்த ஐன்ஸ்டீனும் 1905-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகராகவே இருந்தார் என்பதை நேயர்கள் அறிவர். பிறர் கொண்டுவரும் கருத்தை, அவர் என்ன சொல்கிறாரோ அதுவாகவே முதலில் வாசித்து, பின்னரே தகுதியை ஆராய்வது அவ்வலுவலகத்தாரின் அன்றாடக் கடமை. போல்டன் வென்றதற்கு அப்பழக்கமும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது நம் ஊகம்.

இனி நாணயத்தின் மறுபக்கம். பரிசுப் போட்டி அறிவிக்கப்பட்ட அதே 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று, பெர்லின் நகரின் பெரும் இசையரங்கில் சார்பியலை எதிர்த்து ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. கூட்டியவர் பால் வேலண்ட் என்பவர். இயற்பியலில் பெயர் சொல்லத்தக்க பணி எதையும் செய்தவரல்லர். 'தூய அறிவியலைக் காக்கும்' சங்கம் ஒன்றின் பெயரால் பேசினார். அவருடன் பேசிய எர்ன்ஸ்ட் கெர்க்கேயோ உண்மையான இயற்பியலர். ஒளியியல் ஆய்வில் தேர்ந்தவர். ஐன்ஸ்டீனும் அரங்கிற்கு வந்து அமர்ந்து தம் மீதான வசைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாயிலில் யூத வெறுப்புத் துண்டு வெளியீடுகள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தன. அறிவியல் விவாதம் என்று அழைக்கப்பட்ட கூட்டத்தின் வாயிலில் எது விற்கப்படுகிறது என்பதைப் பார்த்தாலே உள்ளே என்ன நிகழும் என்பது விளங்கிவிடும்.

மூன்று நாள் கழித்து ஐன்ஸ்டீன் பெர்லின் நாளிதழ் ஒன்றில் சூடான விடை எழுதினார். எதிர்ப்பவர்களின் உள்நோக்கத்தைச் சாடினார். அம்மேடையில் ஏறாத, நோபல் பரிசு பெற்ற பிலிப் லெனார்டையும் பெயர் சொல்லி இழுத்துக் குறை கூறினார். நண்பர்களே அவ்விடையைக் கண்டு வருந்தினர். அடுத்த மாதம் பாட் நவ்ஹைம் என்னும் ஊரில் கூடிய அறிவியல் மாநாட்டில் லெனார்டும் ஐன்ஸ்டீனும் நேருக்கு நேர் மோதினர். மாக்ஸ் பிளாங்க் தலைமை தாங்கி அரும்பாடுபட்டு அமைதி காத்தார். லெனார்ட் பின்னாளில் நாஜிகளின் பக்கம் சாய்ந்து, 'ஜெர்மானிய இயற்பியல்' என்னும் பெயரில் நூல் எழுதும் அளவிற்குச் சென்றார். மின்னணு ஆய்விற்காக 1905-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ஒருவர் இந்நிலைக்கு வந்தது எண்ணுந்தோறும் வேதனை தருவது.

1931-இல் லைப்சிக் நகரில் 'ஐன்ஸ்டீனுக்கு எதிராக நூறு ஆசிரியர்கள்' என்னும் நூல் வெளிவந்தது. முழுக் கட்டுரை தந்தவர்கள் முப்பதுக்கும் குறைவானவர்களே. ஏனையோரிடமிருந்து பெயரும் துணுக்குகளும் எடுத்துத் தொகை நிரப்பப்பட்டது. இத்தகைய நூல்களை வாசிக்கையில் நமக்குத் தோன்றும் முதற்குறை அவற்றின் முடிவு பற்றியதன்று. ஐன்ஸ்டீன் சொன்னது இது என்று அவர்கள் எடுத்துரைக்கும் பகுதியைப் படித்தால், அதை ஐன்ஸ்டீன் தம் கருத்தென்று ஏற்பாரா என்னும் கேள்வியே எழுகிறது. பெரும்பாலும் ஏற்கமாட்டார். "எல்லாம் சார்ந்தது" என்று அவர் சொன்னதாக வைத்துக்கொண்டு, அப்படியானால் நன்மையும் தீமையும் சார்ந்தவையோ என்று ஆவேசம் கொள்வார்கள். சார்பியலின் அடித்தளமோ அதற்கு நேர்மாறானது. ஒளியின் வேகம் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர். அளப்பவர் எவ்வேகத்தில் சென்றாலும் அது மாறாது. இயற்கை விதிகளும் அவ்வாறே மாறா என்பதுதான் அதன் தொடக்கம். மாறாத ஒன்றைக் காப்பதற்காகவே காலமும் நீளமும் அளவில் மாறுகின்றன. பெயரைப் பார்த்துப் பொருளை முடிவு செய்தவர்கள் செய்த பிழை இது. நம் தமிழிலும் சார்பியல் என்னும் சொல்லே பலரை இவ்வாறு வழிதவறச் செய்திருக்கிறது.

மறுப்பு இலக்கியத்திற்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் அதை நம் மரபிலேயே காணலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மெய்யியலாரை மறுத்து 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' எழுதியதை யாவரும் அறிவர். ஆனால் 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா' என்னும் இன்னொரு நூலில், அம்மெய்யியலாரின் கொள்கைகளை அவர்கள் வாய்மொழியாகவே, மறுப்பு எதுவும் கலவாமல் அவர் எடுத்துரைத்துள்ளார். அவ்வெடுத்துரைப்பு எத்துணை நேர்மையானதெனில், அந்நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, அதன் முன்னுரை பலருக்குக் கிட்டாமற்போனபோது, ஐரோப்பிய அறிஞர்கள் கஸ்ஸாலி அவர்களையே அம்மெய்யியலாருள் ஒருவர் என்று எண்ணிவிட்டனர். எதிரியின் கருத்தை எதிரியே "ஆம், இதுதான் நான் சொன்னது" என்று ஒப்பும்படி கூறியவனுக்கே மறுக்கும் உரிமை உண்டு. இவ்வளவுகோலை நூறு ஆசிரியர்கள் மீது வைத்துப் பார்த்தால் எத்தனை பேர் தேறுவர்?

ஐன்ஸ்டீன் தாமே இவ்வளவுகோலுக்கு ஒருமுறை பொருந்தி நடந்திருக்கிறார். பெர்லின் கூட்டத்திற்கு இரண்டாண்டு முன்னர், 1918-இல், ஜெர்மன் அறிவியல் இதழ் ஒன்றில் சார்பியல் மீதான ஆட்சேபணைகளைப் பற்றி ஓர் உரையாடல் எழுதினார். விமர்சகர் ஒருவர், சார்பியலாளர் ஒருவர். விமர்சகரை மூடராக்கி வேடிக்கை காட்டாமல், அவர் வாய்க்கு வலிமையான கேள்விகளையே தந்திருக்கிறார். 1918-இன் உரையாடலையும் 1920-இன் நாளிதழ் விடையையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு, ஒரே மனிதர் இரு விதமாக வாதிட முடியும் என்பதும், இரண்டாவது விதம் எவருக்கும் எதையும் கற்பிக்கவில்லை என்பதும் புலனாகும்.

இவ்விலக்கிய வகையில் நம் கவனத்தை மிகவும் ஈர்ப்பவர் ஹெர்பர்ட் டிங்கிள் (1890-1978) என்னும் ஆங்கிலேயர். இவரைத் திண்ணை வாதியென்று ஒதுக்க இயலாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அறிவியல் வரலாறு, மெய்யியல் துறையின் பேராசிரியர். 1951 முதல் 1953 வரை அரச வானியல் கழகத்தின் தலைவர். சார்பியலைப் பொதுமக்களுக்கு விளக்கி 1922-இல் ஒரு நூலும், மாணவர்க்கென 1940-இல் ஒரு நூலும் எழுதியவர். இப்படிப்பட்டவர் 1950-களின் நடுவில் ஐயம் கொள்ளத் தொடங்கி, 1960-களில் சிறப்புச் சார்பியலே முரணானது என்னும் முடிவுக்கு வந்தார். 'நேச்சர்' இதழில் ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. 1963-இல் மாக்ஸ் பார்ன் விடையளித்தார். 1967-இல் டிங்கிளின் கட்டுரையும் மெக்ரேயின் மறுப்பும் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. விடைகளால் நிறைவடையாத டிங்கிள் 1972-இல் 'குறுக்குச் சாலையில் அறிவியல்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டு, தம் கேள்விக்கு விடை சொல்லாமல் அறிவியல் உலகம் நழுவுகிறது என்று குற்றம் சாட்டினார். அன்று முதல் உலகெங்கும் உள்ள மறுப்பாளர்களுக்கு அவர் ஒரு தியாகி.

அவர் கேள்வி எளியது. இரு கடிகாரங்கள் ஒன்றையொன்று கடந்து மாறா வேகத்தில் செல்கின்றன. சார்பியலின்படி, முதலாவதன் பக்கம் நிற்பவர் இரண்டாவது மெதுவாக ஓடுவதாகக் காண்பார்; இரண்டாவதன் பக்கம் நிற்பவர் முதலாவது மெதுவாக ஓடுவதாகக் காண்பார். அ ஆவைவிடவும், ஆ அவைவிடவும் மெதுவாக ஓடுவது எங்ஙனம்? உண்மையில் எது மெதுவாக ஓடுகிறது?

கேள்வி சிறந்தது, சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. விடை எங்கிருக்கிறது என்று பார்ப்போம். நம்மைக் கடந்து போகும் ஒரு கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று எவ்வாறு கண்டறிகிறோம்? அது நம் அருகில் இருக்கும்போது அதன் முள்ளை நம் கடிகாரத்துடன் ஒப்பிடுகிறோம். சிறிது நேரம் கழித்து அது தொலைவில் வேறோரிடத்தில் இருக்கிறது. அவ்விடத்தில் நம் கட்சியைச் சேர்ந்த இன்னொரு கடிகாரம் இருந்தாலன்றி மறு ஒப்பீடு செய்ய இயலாது. ஆக, நாம் ஒப்பிடுவது அவர்களது ஒரு கடிகாரத்தை நம்முடைய இரு கடிகாரங்களோடு. நம்முடைய அவ்விரண்டும் ஒரே நேரத்தைக் காட்டும்படி சரியாக வைக்கப்பட்டவை என்று நாம் உறுதி கூறுவோம். எதிர்க்கட்சியாரோ அவை சரியாக வைக்கப்படவில்லை என்பர். தொலைவிலுள்ள இரு நிகழ்ச்சிகள் 'ஒரே நேரத்தில்' நிகழ்ந்தன என்பதில் இரு கட்சியாரும் உடன்படமாட்டார்கள் என்பதே சார்பியலின் இதயம். அவர்கள் நம்மை அளக்கும்போதும் இதே கதைதான்; நம் ஒரு கடிகாரத்தைத் தங்கள் இரண்டோடு ஒப்பிடுவர். ஒன்றை இரண்டோடு ஒப்பிட்ட இருவேறு அளவைகளை, ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டதாக எண்ணினால் மட்டுமே முரண் தோன்றும். டிங்கிளின் கேள்வியில் அவ்விரண்டாவது கடிகாரம் கண்ணில் படாமல் மறைந்துவிட்டது. மகாஸிதை எழுதிய கைதான் தஹாஃபுதையும் எழுதிற்று. ஆனால் பின்னதை எழுதும்போது முன்னதில் தாம் எழுதிய ஒரு பக்கத்தை மறந்துவிட்டது.

பிரிந்த இருவர் மீண்டும் சந்தித்தால் மட்டும் வழக்கு தீர்ந்தாக வேண்டும். அப்போது இரு கடிகாரங்களும் அருகருகே இருக்கும். இதற்கு ஒரு கணக்கைக் காட்டுவோம். பள்ளிக் கணக்கே போதும். இரட்டைப் பிள்ளைகளில் அண்ணன் ஊரில் இருக்கிறான். தம்பி ஒளியின் வேகத்தில் 0.6 பங்கு வேகத்தில் போய்த் திரும்புகிறான். அண்ணன் கணக்கில் போக ஐந்து ஆண்டு, வர ஐந்து ஆண்டு. அவ்வேகத்தில் காலம் 1.25 மடங்கு மாறுபடும். எனவே தம்பியின் கடிகாரத்தில் போக நான்கு, வர நான்கு, ஆக எட்டாண்டு. தம்பியும், "அண்ணன்தான் என்னைவிட்டு நகர்ந்தான், அவன் கடிகாரமே மெதுவாக ஓடிற்று" என்று சொல்லலாமே என்பர். சொல்லட்டும். போகும்போது அவன் கணக்கில் அண்ணனுக்குக் கழிந்தது 3.2 ஆண்டு, வரும்போது மீண்டும் 3.2. கூட்டினால் 6.4. மீதி 3.6 ஆண்டு எங்கே போயிற்று? தம்பி திரும்பிய இடத்தில் அது இருக்கிறது. போகும் வண்டியிலிருந்து வரும் வண்டிக்கு மாறியபோது, 'ஊரில் இப்பொழுது என்ன நேரம்' என்பதற்கு அவனது விடையே மாறிவிட்டது. அம்மாற்றம் சரியாக 3.6 ஆண்டு. 3.2-உம் 3.6-உம் 3.2-உம் சேர்ந்தால் பத்து. அண்ணன் தன் வண்டியை மாற்றவில்லை. ஆகவே அவன் கணக்கில் இத்தகைய துள்ளல் இல்லை. இருவரும் ஒரே முடிவுக்கு வருகின்றனர்: அண்ணனுக்குப் பத்து, தம்பிக்கு எட்டு.

டிங்கிள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது முறையன்று. அவருக்கு விடை சொன்னவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. தம்பி வேகம் மாறித் திரும்புவதைப் பொதுச் சார்பியல் கொண்டே விளக்க இயலும் என்றனர் சிலர். ஐன்ஸ்டீனின் 1918-ஆம் ஆண்டு உரையாடலும் அவ்வழியே சென்றது. சிறப்புச் சார்பியலே போதும் என்றனர் பலர். மேற்கண்ட கணக்கு அதையே காட்டுகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு தடுமாற்றமாகவே தோன்றியிருக்கும். "இது முன்பே தீர்ந்துபோன விஷயம்" என்னும் ஒற்றை வரியைப் பெற்றுத் திரும்பியவர்களும் பலர். ஆலிம்களிடம் ஐயம் கேட்டு அதட்டல் பெற்றவர் பிறகு எங்குச் சென்று சேர்கிறார் என்பதை நம் சமுதாயம் நன்கு அறியும். அறிவியல் உலகமும் இதற்கு விதிவிலக்கன்று.

இன்னொரு மறுப்பாளர் லூயி எஸ்ஸன். 1955-இல் முதல் நம்பகமான சீசியம் அணுக் கடிகாரத்தை அமைத்தவர்களுள் முதன்மையானவர். கடிகாரத்தைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர எவருக்கும் தகுதியில்லை. ஆயினும் 1971-இல் சிறப்புச் சார்பியலை மறுத்து ஒரு சிறு நூல் எழுதினார். வினோதம் என்னவெனில், அவர் தொடங்கி வைத்த கடிகாரங்களே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தன. அதே 1971 அக்டோபரில் ஹாஃபெலே, கீட்டிங் என்னும் இரு அமெரிக்கர்கள் நான்கு சீசியம் கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தனர். கிழக்கு நோக்கிச் சுற்றியவை தரையிலுள்ள கடிகாரத்தைவிட 59 நானோ நொடி பின்தங்கின. மேற்கு நோக்கிச் சுற்றியவை 273 நானோ நொடி முந்தின. கொள்கை கணித்தது 40 பின்னடைவும் 275 முன்னேற்றமும். அளவைப் பிழை எல்லைக்குள் இரண்டும் பொருந்தின. ஒரு நானோ நொடி என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. எஸ்ஸன் இச்சோதனையின் துல்லியத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். ஆனால் பின்வந்த சோதனைகள் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில், நின்ற நிலையில் 2.2 மைக்ரோ நொடியே வாழும் மியூவான் என்னும் துகள்கள், ஒளியின் வேகத்தை நெருங்கி வளையத்தில் சுற்றும்போது ஏறத்தாழ 64 மைக்ரோ நொடி வாழ்ந்ததை 1977-இல் வெளியிட்டனர். திண்ணைப் பெரியவர் சொன்ன கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் மியூவானைக் கொண்டு செல்ல வழியில்லை. அதற்குள் பழுதாகத்தக்க முள்ளும் சக்கரமும் இல்லை.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், வேகத்தால் நாளுக்குச் சுமார் 7 மைக்ரோ நொடி பின்தங்கியும், உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் சுமார் 45 மைக்ரோ நொடி முந்தியும், ஆக 38 மைக்ரோ நொடி முந்துகின்றன. இதைக் கணக்கில் கொண்டு திருத்தி வைத்தே அவற்றை இயக்குகின்றனர். திருத்தாவிடில் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பிழை சேர்ந்துவிடும். ஊர் தெரியாத இடத்தில் கிப்லாவின் திசையை இன்று கைப்பேசியில் பார்த்துத் தொழுகிறவர், இருக்குமிடத்தை அக்கருவி அறிவதில் ஐன்ஸ்டீனின் கணக்கும் அடங்கியிருப்பதை அறியாமலே தொழுகிறார்.

இனி, திண்ணையில் குறுக்கிட்ட மூன்றாமவரைப் பற்றி. அவர் நோக்கம் நல்லதே. நம் இதழ்களிலும் மேடைகளிலும் இவ்வகைப் பேச்சு பெருகியுள்ளதால் சற்று வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. இறைவனிடத்தில் ஒரு நாள் என்பது மனிதர் எண்ணும் ஆயிரம் ஆண்டுகளைப் போன்றது என்னும் கருத்துடைய வசனம் அல்-ஹஜ் அத்தியாயத்தில் வருகிறது. அதைக் கொண்டு கால நீட்சி முன்பே அறிவிக்கப்பட்டது என்கின்றனர். சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, இத்தகைய வசனங்களிலிருந்து ஒளியின் வேகத்தையே கணக்கிட்டுக் காட்டுகின்றனர். வேதனையைத் தூண்டியவர்களுக்கு அவசரம் வேண்டாம், இறைவாக்கு பொய்க்காது என்று எச்சரிக்கும் இடத்தில் வந்த வசனம் அது. முஃபஸ்ஸிர்கள் அவ்வாறே அதை விளக்கியுள்ளனர். அந்த எச்சரிக்கை ஒரு கடிகாரக் கணக்காகச் சுருங்கும்போது இழப்பு யாருக்கு? மேலும், அறிவியல் கொள்கை தன்னைத் திருத்திக்கொண்டே செல்லும் இயல்புடையது. நியூட்டனின் காலத்தில் காலம் எங்கும் ஒன்றே என்பதுதான் அறிவியல். அன்று ஒருவர் அதற்கும் ஒரு வசனத்தைப் பொருத்தியிருந்தால் 1905-இல் அவர் நிலை என்ன?

இமாம் கஸ்ஸாலி அவர்கள் தஹாஃபுதின் தொடக்கப் பகுதியிலேயே இதற்கு எச்சரிக்கை தந்திருக்கிறார். கிரகணங்கள் ஏன் நிகழ்கின்றன, எப்போது நிகழும் என்பதைக் கணிதத்தால் நிறுவியவர்களிடம் சென்று, மார்க்கத்தின் பெயரால் அதை மறுப்பவன் மார்க்கத்திற்கே தீங்கிழைக்கிறான். கணக்கை அறிந்தவன் தன் கணக்கை ஐயுறமாட்டான், மார்க்கத்தையே ஐயுறுவான் என்பது அவர் கருத்து. மார்க்கத்தின் பெயரால் மறுப்பவரைப் பற்றி அவர் சொன்னதை, மார்க்கத்தின் பெயரால் உரிமை கொண்டாடுபவர்க்கும் பொருத்திப் பார்க்கலாமென்றே நமக்குத் தோன்றுகிறது. இருவருமே கணக்கைத் திறந்து பார்க்காதவர்கள். அன்று திண்ணையில் மௌனமான இளைஞர், கேலி செய்த பெரியவரைவிட, தம்மை ஆதரிப்பதாக எண்ணிப் பேசியவராலேயே அதிகம் தனித்துவிடப்பட்டார்.

வாதங்களின் வடிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பொதுமக்களுக்கான சார்பியல் நூல்கள் யாவும் உவமைகளால் நடப்பவை. ஓடும் ரயில், அறுந்து விழும் மின்தூக்கி, கனத்த குண்டு அழுத்திய ரப்பர் விரிப்பு. மறுப்பு நூல்களில் பெரும்பகுதி இவ்வுவமைகளோடு மட்டுமே போரிடுகிறது. ரப்பர் விரிப்பைக் கீழே இழுப்பது எது, அதுவும் ஈர்ப்புத்தானே என்று கேட்டு, பொதுச் சார்பியல் வீழ்ந்தது என்று முடிப்பவர்கள் உண்டு. ரப்பர் விரிப்புத்தான் வீழ்ந்தது. அது எளிதில் வீழத்தக்கதே. மினாராவின் அடியில் நிற்பவருக்குத் தொலைவில் செல்லும் தோணி சிறிதாகத் தெரிகிறது. தோணிக்காரருக்கு மினாரா சிறிதாகத் தெரிகிறது. இருவரும் பொய் சொல்லவில்லை என்று நாமே அந்த இளைஞருக்கு ஓர் உவமை சொல்லியிருப்போம். அதுவும் வாசல்வரை கொண்டுபோய் விடும் உவமைதான். தோணி கரை சேர்ந்ததும் சிறுமை மறைந்துவிடும். ஊர் திரும்பிய தம்பிக்கோ குறைந்த இரண்டாண்டு குறைந்ததுதான்.

அந்த இளைஞரின் முகவரியை நண்பரிடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். ஐன்ஸ்டீன் பொதுமக்களுக்கென எழுதி 1917-இல் வெளிவந்த சிறு நூலை அவருக்கு அனுப்ப எண்ணம். அதன் பின்னிணைப்பில் லாரன்ஸ் மாற்றுச் சமன்பாடுகளைப் பள்ளி அல்ஜீப்ரா கொண்டே அவர் வருவித்துக் காட்டுகிறார். அப்பக்கங்களைப் பென்சிலும் தாளுமாக ஒரு முறை தாமே செய்து பார்க்கட்டும். மேலே கூறிய 3.2-உம் 3.6-உம் அவர் கையிலேயே வந்து சேரும். இயன்றால் திண்ணைப் பெரியவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கொள்ளட்டும். அதன் பிறகும் ஓர் ஐயம் எஞ்சுமாயின் அது எழுதத்தக்க ஐயம். எழுதி அனுப்பினால் இவ்விதழில் இடம் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு.